ஐஸ் வைக்காத பெட்டி

எங்கள் ரத்தம் எடுக்கும் அறையில், ஜன்னலுக்குக் கீழே, நீல நிறத்தில் ஒரு மீன் பெட்டி இருக்கிறது. சாதாரண பிளாஸ்டிக் பெட்டிதான். மூடியின் ஒரு மூலை உடைந்திருக்கும். எத்தனை முறை சோப்புப் போட்டுக் கழுவினாலும், மூக்கைக் கிட்டே கொண்டுபோனால் லேசாகக் கடல் வாசம் அடிக்கும். உள்ளே காலிக் குழாய்களைச் செருகும் தாங்கிகள் இரண்டும் மடித்த துண்டு ஒன்றும் இருக்கும், அவ்வளவுதான். வேலைக்குப் புதிதாக வரும் பெண்கள் முதல் வாரத்திலேயே, "மேடம், இதுல ஐஸ் கொட்டி வைக்கட்டுமா?" என்று கேட்பார்கள். "வச்சித்தான் பாரேன், கைய ஒடச்சிடுறேன்" என்பேன். அவர்கள் சிரிப்பார்கள், நான் சிரிக்கமாட்டேன். தர ஆய்வுக்கு வருகிறவர்கள் வருஷா வருஷம் இந்தப் பெட்டியை எடுத்துவிடச் சொல்கிறார்கள். நானும் வருஷா வருஷம் சண்டை போட்டு அதை அங்கேயே வைத்திருக்கிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், அது அவர்களுக்கும் தெரியும்.

ஐஸ் பற்றி எனக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. என் அம்மா புதுச்சேரியின் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் ஏலத்தில் மீன் எடுத்து, பெரிய மார்க்கெட்டில் உட்கார்ந்து விற்றவள். கூடையில் அடியில் ஒரு அடுக்கு ஐஸ், மேலே மீன், அதற்கு மேலே இன்னொரு அடுக்கு ஐஸ், அதன் மேல் ஈரச் சாக்கு. பள்ளிக்கூடம் போகுமுன் இதைச் செய்துவிட்டுத்தான் நான் ரிப்பன் கட்டிக்கொள்வேன். ஒருநாள் பரீட்சை அவசரத்தில் மேல் அடுக்கைப் போட மறந்துவிட்டேன். அன்று சாயங்காலம் அம்மா என்னைத் திட்டிய திட்டு, தெருக்கோடி வரைக்கும் கேட்டது. வெயிலில் ஒரு பொருள் கிடந்தால் கெட்டுவிடும், ஐஸில் வைத்தால் பிழைத்துக்கொள்ளும். எங்கள் வீட்டில் சாமி கும்பிட மறந்தாலும் இதை மறக்கமாட்டோம்.

படித்து முடித்து லேப் டெக்னீஷியன் ஆனதும், ஊரை ஒட்டிய ஒரு மருத்துவமனையில் ஓர் ஆராய்ச்சித் திட்டத்தில் வேலை கிடைத்தது. எந்த மருத்துவமனை என்பது இங்கே வேண்டாம். அது தற்காலிக வேலை, வருஷம் முடிந்தால் புதுப்பிப்பார்கள், அல்லது வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆனால் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு நான் தெருவில் நடந்தபோது என் அம்மா மார்க்கெட்டில் பக்கத்துக் கடைக்காரிகளிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள். திட்டத்தின் தலைவி ஒரு டாக்டரம்மா. அவருடைய அப்பா சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அதனால் டாக்டரம்மா பேச்சில் அங்கங்கே பிரெஞ்சு வந்து விழும். யாரையும் வாய்விட்டுப் பாராட்டமாட்டார். தேடிய விஷயம் கையில் சிக்கினால் மட்டும் மேஜையை ஒரு தட்டுத் தட்டி, 'இதோ பார்!' என்கிற அர்த்தத்தில் "வொலா!" என்பார். அந்த ஒரு வார்த்தைக்காக நாங்கள் நாய் மாதிரி உழைத்தோம்.

ஆராய்ச்சி ரத்தக்கொதிப்பைப் பற்றியது. பெரும்பாலோருக்கு ரத்தக்கொதிப்பு ஏன் வருகிறது என்று குறிப்பாக ஒரு காரணத்தைச் சொல்ல முடியாது, மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே காலத்தை ஓட்ட வேண்டியதுதான். ஆனால் ஒரு சிலருக்குக் காரணம் உண்டு, அதைக் கண்டுபிடித்தால் சரிசெய்யவும் முடியும். சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தக்குழாய் எங்காவது சுருங்கியிருக்கலாம். அப்போது சிறுநீரகம், தனக்கு ரத்தம் போதவில்லை என்று நினைத்து ரெனின் என்ற ஒரு சுரப்பை ஊருக்கெல்லாம் அனுப்பி அழுத்தத்தை ஏற்றிவிடும். அல்லது சிறுநீரகத்தின் தலையில் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் சின்னச் சுரப்பியில் ஒரு கட்டி வந்திருக்கலாம். அது வேறொரு ஹார்மோனைக் கொட்டி, உடம்பில் உப்பைத் தேக்கி, பொட்டாசியத்தை வெளியே தள்ளிவிடும். அங்கே ரெனின் ஒடுங்கிப்போய் இருக்கும். ஆக, ரெனின் அதிகமென்றால் சிறுநீரகக் குழாயைப் பார்க்க வேண்டும், ஒடுங்கியிருந்தால் சுரப்பியைப் பார்க்க வேண்டும். ஒரு எண்ணை வைத்து இரண்டு பாதை. அந்த எண் நான் எடுக்கும் ரத்தத்தில் இருந்துதான் வந்தது.

தேங்காய்த்திட்டில் ஒரு காலை மேஜை போட்டு வருகிறவர் போகிறவருக்கெல்லாம் பிரஷர் பார்த்தோம். அங்கேதான் ஏலக்கார அண்ணன் வந்து உட்கார்ந்தார். அவரை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். அவர் ஏலம் விட்ட மீனைத்தான் என் அம்மா வாங்குவாள். கவிழ்த்துப் போட்ட பெட்டியின் மேல் ஏறி நின்று அவர் குரல் எடுத்தால், படகு எஞ்சின் சத்தம், காக்காய் சத்தம், பெண்களின் சண்டைச் சத்தம் எல்லாம் அதற்குக் கீழேதான். "மார்க்கெட்டுக்காரி மவளா நீ? பட்டையச் சுத்து, பாக்கலாம், என் ரத்தத்துக்கு எவ்ளோ ஏலம் போவுதுன்னு" என்று கையை நீட்டினார். இருநூறைத் தாண்டிப் போனது. நான் மறுபடி எடுத்தேன். மறுபடியும் அதேதான். அவருக்கு அப்போது நாற்பது வயதுகூட ஆகவில்லை.

பேசியதில் இன்னொன்றும் தெரிந்தது. சில நாட்களாக அவருக்குத் திடீரென்று கால் வலுவிழந்து மடங்கிவிடுகிறதாம். பெட்டி மேல் நிற்கும்போது முழங்கால் தானாக விட்டுவிடுமாம். புதுச்சேரியில் ஓர் ஆண் காலை நேரத்தில் தள்ளாடினால் யாரும் காரணம் கேட்கமாட்டார்கள், அவர்களே சொல்லிவிடுவார்கள். அண்ணன் ஒரு சொட்டுக்கூடக் குடிக்காதவர். அவருடைய அப்பா குடித்துச் செத்ததால் அந்தப் பேச்சை எடுத்தாலே முகம் சுண்டிப்போகும். அவரைத்தான் 'காலங்காத்தாலயே போட்டுட்டு வந்துடுறான்' என்று பேச ஆரம்பித்திருந்தார்கள். படகுக்காரர்களில் இருவர் தங்கள் மீனை வேறு ஆளை வைத்து ஏலம் விடத் தொடங்கிவிட்டார்கள். மாத்திரைகள் நான்கு சாப்பிட்டும் அழுத்தம் இறங்கவில்லை. இப்படியே போனால் ஒருநாள் மூளையில் ரத்தக்குழாய் வெடிக்கும் என்று டாக்டரம்மா என்னிடம் சுருக்கமாகச் சொன்னார்.

மே மாதம் மீன்பிடித் தடைக்காலம். பெரிய படகுகளெல்லாம் கரையில் கட்டிக் கிடந்தன. ஏலத்துக்கு வேலை இல்லாததால் அண்ணன் பரிசோதனைக்கு ஒத்துக்கொண்டார். இரண்டு மணி நேரம் உட்காராமல் நடமாடிவிட்டு, பிறகு சற்று நேரம் உட்கார்ந்து ரத்தம் கொடுக்க வேண்டும். வராந்தாவில் போகிற வருகிற நர்ஸுகளிடமெல்லாம் மீன் விலை பேசிக்கொண்டே நடந்தார். நான் ரத்தம் எடுத்தேன். சுவரில் ஒட்டியிருந்த விதித் தாளில், ரெனின் பார்க்கும் குழாயை 'அறை வெப்பநிலையில்' மேல் மாடி லேபுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று போட்டிருந்தது. அதை நான் படிக்காமல் இல்லை. நூறு தடவை படித்திருக்கிறேன். ஆனால் அன்று கத்திரி வெயில். ஃபேன் நின்றுபோய் அறை அடுப்பாக இருந்தது. லேபில் கேட்டால், மிஷின் வேலை முடிய இன்னும் நேரமாகும் என்றார்கள். குளிர்சாதன அறையில் உட்கார்ந்து விதி எழுதினவனுக்கு எங்கள் ஊர் அறை எப்படித் தெரியும் என்று எனக்கு ஒரு திமிர். வேறு சில ஹார்மோன்களுக்கு ஐஸில்தானே வைக்கிறோம், இதுவும் ஹார்மோன்தானே என்று ஒரு அரைகுறை அறிவு வேறு. தடைக்காலத்தில் துறைமுக ஐஸ் கம்பெனியில் ஐஸ் சும்மா கிடந்தது, கேட்டால் அள்ளிக் கொடுத்தார்கள். கோடை முழுவதும் என் தெர்மாக்கோல் பெட்டியில் ஐஸ். குழாயைப் பொத்திப் பொத்தி வைத்தேன். அண்ணனின் ரத்தத்துக்குக் கூடுதலாகவே இரண்டு கைப்பிடி போட்டேன், நம்ம ஆள் ஆயிற்றே!

முடிவு வந்தது. பொட்டாசியம் அதலபாதாளத்தில் இருந்தது. ஆனால் ரெனின் ஒடுங்கியிருக்கவில்லை, நன்றாகவே ஏறியிருந்தது. டாக்டரம்மா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பொருந்தலையே" என்றார். பொருந்தாவிட்டாலும் எண் காட்டுகிற பாதையில்தானே போக முடியும்? சிறுநீரகக் குழாய் சுருங்கியிருக்கிறதா என்று பார்க்க ஏற்பாடு செய்தார்கள். தொடையிடுக்கில் ஊசி குத்தி, மெல்லிய குழாயை மேலே ஏற்றி, மருந்து செலுத்திப் படம் பிடித்தார்கள். முடிந்தபின் தொடையில் மணல் மூட்டை வைத்து ஆறு மணி நேரம் காலை அசைக்காமல் படுக்க வைத்தார்கள். ஒரு இடத்தில் ஒரு நிமிஷம் நிற்காத மனுஷன், ஆறு மணி நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். குழாய்கள் இரண்டும் சுத்தமாக, பழுதே இல்லாமல் இருந்தன. "மீன் வயித்தக் கீறிப் பாக்குற மாதிரி பாத்தாங்க, உள்ள ஒண்ணும் இல்லன்னுட்டாங்க. போதும் தங்கச்சி, இனிமே ஊசின்னு என் வூட்டாண்ட வராத" என்று கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

ஆடி மாதத்தில் எங்களுக்குப் பரிசோதனைப் பொருள்கள் புதிதாக வந்தன. அட்டைப் பெட்டியைப் பிரித்து அடுக்கும்போது உள்ளே இருந்த குறிப்புத் தாளைச் சும்மா புரட்டினேன். விதித் தாளில் 'செய்' என்று மட்டும் இருக்கும், இந்தத் தாளில் 'ஏன்' என்றும் இருந்தது. ரத்தத்தில் ரெனினின் தூங்கும் வடிவம் ஒன்று உண்டாம். சில்லென்று வைத்தால் அது விழித்துக்கொண்டு உண்மையான ரெனின் போல வேலை செய்யுமாம். இல்லாத ரெனினை இருப்பதாகக் காட்டிவிடுமாம். ஐயோ, அந்த மனுஷனின் தொடையில் குத்தியது நான்தான். டாக்டர்கள் ஊசியைப் பிடித்தார்கள், குத்தியது நான்.

உடனே போய்ச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். சொல்லவில்லை. அந்தத் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். அடுத்த மாதம் என் வேலையைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. அம்மா எல்லோரிடமும் பீற்றிக்கொண்டிருந்தாள். நாளைக்குச் சொல்லலாம், டாக்டரம்மா நல்ல மனநிலையில் இருக்கும்போது சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன். இப்படியாக எட்டு நாள் போயிற்று. எட்டாம் நாள் மத்தியானம் அம்மா கூடையை இறக்கி வைத்துக்கொண்டே சொன்னாள்: "ஏலக்காரரு விழுந்துட்டாருடி. பொட்டி மேல நின்னுட்டு இருந்தாரு, அப்படியே மடிஞ்சி, கல்லுல நெத்தி அடிச்சி, ஒரே ரத்தம். காலையிலயே ஊத்திக்கினு வந்தா அப்படித்தான் ஆவும்." எனக்கு வந்ததே ஆத்திரம்! "அவரு குடிக்கமாட்டாரும்மா!" என்று கத்தினேன். அம்மா திகைத்துப் போய், "நீ ஏன்டி அழுவுற?" என்றாள்.

மறுநாள் காலை டாக்டரம்மாவின் அறைக் கதவைத் தட்டி, மடித்த தாளை மேஜையில் வைத்து, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் தேவலை. ஒரு வெள்ளைத் தாளை எடுத்துப் பேனாவைத் திறந்து, "யார் யாருது ஐஸ்ல இருந்துச்சு?" என்று கேட்டார். கோடையில் எடுத்த எல்லோர் பெயரையும் சொன்னேன், எழுதிக்கொண்டார். "எல்லாருக்கும் மறுபடி எடுக்கணும். உன் வேலை இருக்கா போச்சாங்கறத அப்புறம் பாப்போம். மொதல்ல அந்த ஏலக்காரர். போன்ல சொல்லக் கூடாது, நேர்ல போ. எதையும் மறைக்காத" என்றார். கடைசி வார்த்தையைச் சொல்லும்போது மட்டும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

அண்ணனின் வீடு ஐஸ் கம்பெனிக்குப் பின்னால். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நெற்றியில் பெரிய கட்டு, ஒரு கண் வீங்கியிருந்தது. அண்ணி பக்கத்தில் நின்று காப்பி ஆற்றிக்கொண்டிருந்தார். "இன்னா தங்கச்சி, மறுபடியும் பிடிக்க வந்துட்டியா? வேற ஆளப் பாரு" என்றார்.

"கூப்புட வரலண்ணே. ஒண்ணு சொல்ல வந்தேன்" என்றேன். நின்றுகொண்டே சொன்னேன். அவர் ரத்தத்தை ஐஸில் வைத்தது, வைக்கக் கூடாது என்பது, அதனால் எண் தப்பாக வந்தது, தொடையில் குத்தியதே வேண்டாத வேலை என்பது, எல்லாவற்றையும். அண்ணிதான் முதலில் வாயைத் திறந்தார்: "அடிப்பாவி! ஆறு மணி நேரம் காலக்கூட அசைக்காம கெடந்தாரேடி! நீ நல்லா இருப்பியா?" அது நியாயமான கேள்வி.

அண்ணன் சிரித்தார். சத்தியமாகச் சிரித்தார். "ஐஸ்லயா வச்ச? மீனு மாதிரி?" என்று தொடையைத் தட்டினார். "வுடு, நம்ம ஜனம் வேற இன்னா பண்ணும்! வெய்யிலா இருந்தா ஐஸப் போடுன்னுதான நம்மளுக்குத் தெரியும்." எனக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. அடுத்த நொடி அவர் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "இது உனக்கு எப்பத் தெரிஞ்சிது?"

நேற்றுதான் என்று சொல்லியிருக்கலாம். நாக்கின் நுனி வரைக்கும் அது வந்துவிட்டது. யாருக்கும் தெரியப்போவதில்லை, டாக்டரம்மா போய் அவரிடம் தேதி சொல்லப்போவதில்லை. பின்னால் ஐஸ் உடைக்கும் மிஷின் கரகரவென்று ஓடிக்கொண்டிருந்தது. "ஒம்போது நாளாச்சிண்ணே" என்றேன்.

"நான் வுழுந்தது நேத்து" என்றார்.

"ஆமாண்ணே."

அவர் நெற்றிக் கட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அண்ணி காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். என்னைப் பார்க்கவே அவருக்குப் பிடிக்கவில்லை. நான் அங்கேயே நின்றேன். ஓடிப்போயிருந்தால் இன்றைக்கு இந்த வேலையில் இருந்திருக்கமாட்டேன் என்று மட்டும் தெரியும். மிஷின் நின்றது. அண்ணன் இடது சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டு, கையை என் பக்கம் நீட்டினார். "எடு" என்றார்.

"இப்ப இல்லண்ணே" என்று தடுமாறினேன். மருந்தை மாற்ற வேண்டும், பொட்டாசியத்தைச் சரிக்கட்ட வேண்டும், அதன் பிறகுதான் என்று விளக்கினேன். "சரி, எப்ப சொல்றியோ வர்றேன். ஆனா நீதான் எடுக்கணும். வேற ஒருத்தரையும் கைய வைக்க வுடமாட்டேன்" என்றார். எனக்கு விளங்கவில்லை. "ஏண்ணே, என்ன நம்பி..." என்று இழுத்தேன். "நீ இனிமே சாவுற வரைக்கும் ஐஸ்ல வைக்கமாட்ட. புதுசா ஒருத்தி வந்தா, அவ எதுல வைப்பாளோ யாரு கண்டா!" என்றார். நான் தெரு என்றும் பார்க்காமல் விக்கி விக்கி அழுதேன்.

சொன்னபடி வந்தார். விடியற்காலையில் இருந்து ஏலத்தில் நின்றுவிட்டு, ஈர லுங்கியோடு, மீன் வாசத்தோடு நேராக வந்தார். இந்த முறை வராந்தாவில் நடக்க வைக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. உட்கார்ந்ததும் மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்து, "எங்க உன் ஐஸ் பொட்டி? வெளிய போட்டுட்டியா?" என்று கேட்டார். என் கை நடுங்கியது. "மீன் வெட்டுற வூட்டுப் பொண்ணு, ஊசிக்கு நடுங்குது பாரு" என்று கிண்டல் பண்ணினார். குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறினேன், அவரும் கூடவே ஏறி வந்தார். லேப் வாசலில் குழாயை நான் ஒப்படைக்கும் வரை நின்று பார்த்துவிட்டுத்தான் போனார்.

ரெனின் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. டாக்டரம்மா தாளைப் பார்த்தார், மேஜையைத் தட்டினார். "வொலா!" என்றார். அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ முறை அந்தச் சொல்லைக் கேட்டிருக்கிறேன், அன்றைக்கு மட்டும்தான் அதைக் கேட்டு எனக்குப் பெருமையாக இல்லை. வெறும் நிம்மதிதான். கோடையில் ரத்தம் கொடுத்த மற்றவர்களுக்கும் மறுபடி எடுத்தோம். அவர்களுக்கெல்லாம் வைத்தியம் மாறும் அளவுக்கு வித்தியாசம் வரவில்லை, தலைகீழாக மாறியது அண்ணனுடையது ஒன்றுதான். ஸ்கேனில் இடது பக்கச் சுரப்பியில் புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி தெரிந்தது. ஆனால் அந்தப் பக்கம்தான் ஹார்மோன் கொட்டுகிறது என்று உறுதிசெய்ய, மறுபடியும் அதே தொடையில் குழாய் விட்டு, சுரப்பிகளின் ரத்த நாளத்திலிருந்தே ரத்தம் எடுக்க வேண்டியிருந்தது. இதை அவரிடம் சொல்ல டாக்டரம்மாவே தயங்கினார். அண்ணன் கேட்டது ஒன்றே ஒன்று: "உள்ளேர்ந்து எடுக்குற ரத்தத்த யாரு தூக்கினு போவா? இந்தப் பொண்ணுதான?" நான்தான் தூக்கிப் போனேன்.

என் வேலை போகவில்லை. எழுத்தில் ஓர் எச்சரிக்கை வந்தது, அதை இன்னமும் வைத்திருக்கிறேன். ஏன் போகவில்லை என்று வெகுகாலம் எனக்குத் தெரியாது. டாக்டரம்மா ஓய்வு பெற்ற அன்று, ரெட்டியார்பாளையத்தில் இருக்கும் அவர் வீட்டுக்குப் புத்தகங்களை இறக்கிவைக்கப் போயிருந்தபோது சொன்னார். நடந்ததை அவர் மேலிடத்துக்கு எழுதியிருந்தார், எதையும் மறைக்கவில்லை. குழு கூடி என்னை அனுப்பிவிடலாம் என்றுதான் நினைத்தார்களாம். பாதிக்கப்பட்டவர் என்ற முறையில் அண்ணனைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார்கள். "தப்பு பண்ணிச்சி. ஆனா பொய் சொல்லியிருக்கலாம், சொல்லல. அத அனுப்பிட்டீங்கன்னா நான் ரத்தம் குடுக்கமாட்டேன், உங்க ஆராய்ச்சிக்கு வேற ஆளப் பாத்துக்குங்க" என்றாராம். என்னிடம் அவர் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் ஆட்டோவில் உட்கார்ந்து அழுதுகொண்டே போனேன், ஆட்டோக்காரர் பாவம், யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

ஆபரேஷன் முடிந்து அந்தச் சுரப்பியை எடுத்தபின், நான்கு மாத்திரை ஒன்றாகக் குறைந்தது. கால் வலு திரும்பியது. ஒருநாள் வெயில் ஏறிய பிறகு துறைமுகத்துக்குப் போனேன். கவிழ்த்த பெட்டி மேல் இரண்டு காலையும் அகட்டி ஊன்றிக்கொண்டு அவர் ஏலம் விட்டுக்கொண்டிருந்தார். விட்டுப்போன படகுக்காரர்கள் இருவரும் அங்கேதான் நின்றார்கள். கூட்டத்தில் என் அம்மாவும் இருந்தாள், அவரைவிட உரக்கக் கத்திக்கொண்டு. யாரும் அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை, ஊர் அப்படியெல்லாம் கேட்காது. மீனைக் கொண்டுவந்து அவர் காலடியில் கொட்டினார்கள், அதுதான் மன்னிப்பு.

அடுத்த வாரம் அவர் மருத்துவமனைக்கு வந்தார். தோளில் இந்த நீலப் பெட்டி. பின்னாலேயே அண்ணி. பெட்டியை என் மேஜையில் 'தொப்'பென்று இறக்கி மூடியைத் திறந்தார். உள்ளே ஐஸ் நிறைய, அதன் நடுவில் முழு வஞ்சிரம் ஒன்று. "இதுக்கு வை ஐஸு. இதுக்கு மட்டும் வை" என்றார். அறையே சிரித்தது. அண்ணி மட்டும் சிரிக்காமல், "கொழம்பு வக்காத, வறுத்துடு, அதுதான் நல்லா இருக்கும்" என்றார். அவர் என்னிடம் பேசியது, அந்த 'அடிப்பாவி'க்குப் பிறகு அன்றுதான். மீனை வறுத்தோம். பெட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, அது உன் அறையிலேயே இருக்கட்டும் என்று அண்ணன் சொல்லிவிட்டார்.

இப்போது நான் அங்கே ரத்தம் எடுக்கும் பிரிவுக்குப் பொறுப்பாளி. புதிதாக வருகிறவர்களுக்கு விதியை மட்டும் சொல்வதில்லை, ஏன் என்பதையும் சொல்கிறேன். ஒன்பது நாள் கதையையும் சொல்கிறேன். ஐஸ் வைத்தது என் அறியாமை, திமிரும்தான். அதற்கு மன்னிப்பு உண்டு. அந்த ஒன்பது நாள் மறைத்ததற்கும் மன்னிப்புப் பெற நான் தகுதியானவளா என்பது வேறு விஷயம், ஆனாலும் அவர் கையை நீட்டினார். என் பிழைப்பு, என் பெயர், ராத்திரி படுத்தால் தூக்கம் வருவது, எல்லாமே நீட்டிய அந்தக் கையில் இருந்து எனக்குக் கிடைத்தவை.

அண்ணனுக்கு வருஷத்துக்கு ஒருமுறை பரிசோதனை. போன வாரம் வந்திருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது, குரல் மட்டும் அப்படியே இருக்கிறது. வரிசையில் நின்றவர்களை எல்லாம் ஏலம் விட்டுச் சிரிக்க வைத்துவிட்டு உள்ளே வந்தார். நாற்காலியில் உட்காரவில்லை. வழக்கம் போல நேராக ஜன்னலுக்குப் போய், குனிந்து, நீலப் பெட்டியின் உடைந்த மூடியைத் தூக்கினார். உள்ளே கையை விட்டு அடியில் தடவிப் பார்த்தார். பிறகு வந்து உட்கார்ந்து சட்டைக் கையைச் சுருட்டி, கையை நீட்டினார்.

"காஞ்சிதான் கெடக்குது" என்றார். "எடு, தங்கச்சி."